நூல் வெளியீட்டு விழா முடிந்துவிட்டது, மிச்சம் 300 பிரதியை எப்படி ஆட்களிடம் சேர்ப்பது?

கேள்வி: ஓய்வுபெற்ற பரிசோதகர், திருகோணமலை

எல்லோருக்கும் வணக்கம். நான் கடற்றொழில் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். வேலைக் காலத்தில் திருக்கடலூர், சல்லி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கரையோரமாகத் திரிந்தபோது கரைவலைக்காரரிடம் (கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுப்பவர்களிடம்) கேட்டதையெல்லாம் கொப்பியில் எழுதிவைப்பேன். எந்தப் பாடு (வலை இழுக்கும் கரைத்துண்டு) யாருடையது, சம்மாட்டி (வலை முதலாளி) யார், மண்டாடி (வலைக்காரரை நடத்துபவர்) யார், வலை இழுக்கும்போது என்ன அம்பா (தொழிற்பாட்டு) பாடினார்கள் என்று எல்லாம் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த ஆட்களில் பலர் இல்லை. சில வாடிகள் (மீனவரின் கடற்கரைக் குடில்கள்) இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல் நிற்கிறது. அதனால் அந்தக் கொப்பிகளை நூலாக்கினேன். 212 பக்கம், 41 பாடுகளின் விபரம், கடைசியில் அம்பாப் பாடல்கள். சொந்தச் செலவில் 500 பிரதி அடித்தேன். விலை 900 ரூபா.

வெளியீட்டு விழா குறையில்லாமல் நடந்தது. மண்டபம் நிறைந்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை என்று மூன்றரை மணித்தியாலம் போனது. உறையில் காசு வைத்துத் தந்து பிரதி வாங்கினார்கள், அச்சகக் கடனில் பெரும்பகுதி அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அதோடு சரி, பிறகு ஒரு அசைவும் இல்லை. முன்னூறு பிரதி கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. மாரி தொடங்கினால் பூஞ்சணம் பிடிக்கும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறா. ஒரு கடைக்கு 25 பிரதி கொடுத்தேன், காசும் வரவில்லை, புத்தகமும் திரும்பி வரவில்லை. பேஸ்புக்கில் அட்டைப்படம் போட்டதற்கு ‘வாழ்த்துகள் ஐயா’ என்று 180 பேர் எழுதினார்கள். வாங்கியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் என் மருமகன்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. ‘என் நூலை வாங்குங்கள்’ என்று கேட்கவும் கூச்சம். 20,000 ரூபா வரை செலவழிக்கலாம். அதை எதில் போடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: வெள்ளவத்தை வாசகன்

வாழ்த்துகள் ஐயா, அருமையான முயற்சி. கொழும்பில் ஒரு அறிமுக விழா வையுங்கள், தமிழ்ச் சங்க மண்டபம் நல்ல இடம். ஞாயிறு வெளியீடுகளுக்கு மதிப்புரைக்காக இரண்டிரண்டு பிரதி அனுப்புங்கள், ஜீவநதி போன்ற சிற்றிதழ்களுக்கும் அனுப்பலாம். பூபாலசிங்கம் புத்தகசாலையில் பேசிப் பாருங்கள். செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும், தமிழ் நூல் விற்கிற கடைக்காரர் யாராவது உங்கள் நூலையும் தங்கள் மேசையில் வைப்பார்கள். இலங்கை அரசின் சாகித்திய விருதுக்கு அனுப்ப மறக்க வேண்டாம். ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச எண்) எடுத்திருக்கிறீர்கள்தானே? இல்லாவிட்டால் நூலகங்கள் வாங்குவது கஷ்டம்.

---

பதில்: சந்திக்கடை

ஐயா, நானும் திருமலைதான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புத்தகக்கடை வைத்திருக்கிறேன். புத்தகக்கடை என்று பெயர்ப்பலகையில் இருக்கிறதே தவிர, வாடகை கட்டுவது கொப்பியும் பேனையும் புலமைப்பரிசில் வழிகாட்டியும் கடந்தகால வினாத்தாளும்தான். மேல் தட்டில் நம்மூர் எழுத்தாளர்களின் நூல்கள் இருக்கும். ஆட்கள் அவற்றை எடுப்பதையும் திருப்பி வைப்பதையும் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அதை வைத்துச் சொல்கிறேன், கோபிக்கக்கூடாது.

நம்மூர் நூல்கள் பலவற்றின் முதுகில் எழுத்தே இருக்காது. தட்டில் நிற்கும்போது வெறும் வெள்ளைக்கோடு. யாராவது தப்பித்தவறி இழுத்தெடுத்தால் பின்னட்டையைத் திருப்புவார்கள். அங்கே எழுத்தாளரின் படம், படித்த பள்ளிக்கூடம், வகித்த பதவிகள், பெற்ற பட்டங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இராது. சரி என்று திறந்தால் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை. முப்பதாம் பக்கத்தில்தான் நூல் தொடங்கும். அதற்குள் பிள்ளை ‘அம்மா, கொப்பி வாங்கியாச்சு, வாங்க போவம்’ என்று இழுக்கும். நூல் தட்டுக்குத் திரும்பிவிடும். உங்களுடையது அப்படி இல்லையென்றால் சந்தோஷம்.

அடித்த அட்டையை மாற்ற முடியாது. ஆனால் அட்டையைச் சுற்றி ஒரு தாள் பட்டி போடலாம். ஏ3 தாளை நீளவாக்கில் நாலாக வெட்டினால் பட்டி நூலைச் சுற்றி வந்து உள்ளே மடிக்கவும் நீளம் இருக்கும். 300 நூலுக்கு 75 தாள் போதும், கணினி அச்சுக்கடையில் செய்யலாம். அதில் ‘அரிய ஆய்வு நூல்’ என்று போடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். ‘திருக்கடலூர் முதல் குச்சவெளி வரை 41 கரைவலைப் பாடுகள். உங்கள் அப்பப்பாவின் பாடு எது?’ என்று போடுங்கள். கடற்கரை ஆள் அதைப் பார்த்துவிட்டு நூலைத் திறக்காமல் வைக்கமாட்டான்.

பேஸ்புக்கும் இதே கதைதான். அட்டைப்படம் போட்டால் வாழ்த்துத்தான் சொல்லலாம், ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்? நூல் வெளிவந்தது உங்களுக்குச் செய்தி, மற்றவர்களுக்கு இல்லை. சல்லியில் இன்ன பாடு, அதற்கு இன்னார் சம்மாட்டியாக இருந்தார், அவருடைய தோணிக்கு இந்தப் பெயர் என்றால் அதுதான் செய்தி. கிழமைக்கு ஒரு பாடு எடுங்கள். நூலிலிருந்து ஒரு பந்தி, அந்தக் கடற்கரையின் இன்றைய படம் ஒன்று, கடைசியில் ‘இவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி. 41 பாடு இருக்கிறது, ஒன்பது மாதத்துக்கு மேல் தாங்கும். அந்தந்த ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடச் சொல்லுங்கள். ஆட்கள் தங்கள் தகப்பன், பெரியப்பன் பெயரைத் தேடி வருவார்கள். நீங்கள் ‘வாங்குங்கள்’ என்று கேட்கவே தேவையில்லை, எங்கே வாங்கலாம் என்று அவர்கள் கேட்பார்கள். எந்தக் கடை, என்ன விலை, எந்த நம்பர் என்று ஒவ்வொரு பதிவின் அடியிலும் இருக்கட்டும். அது இல்லாத பதிவுகளை நிறையக் காண்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கதை சொன்ன ஆட்களில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பிரதி கொடுத்தீர்களா? விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் வர்த்தகப் பிரமுகர்களுக்குப் போயிருக்கும், அது வழமை, அச்சுக்கூலி வேண்டும்தானே. இப்போது ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போங்கள். கதை சொன்னவருக்கு ஒன்று, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒன்று, ஊர் வாசிகசாலைக்கு ஒன்று. இலவசமாகத்தான். அந்தக் கிழவர் வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தன் பெயர் இருக்கிற பக்கத்தை விரித்துக் காட்டுவார். அதைவிட நல்ல விளம்பரம் 20,000 ரூபாவுக்குக் கிடைக்காது. அம்பா பாடத் தெரிந்தவர் இருந்தால், சம்மதம் கேட்டு, ஒரு நிமிசம் பாடச் சொல்லிக் கைப்பேசியில் எடுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் கட்டாயம் போடுங்கள்.

காலமும் முக்கியம். நம்முடைய கடல் வாடைக்காற்றுக்குக் கொந்தளிக்கிற காலத்தில் கரைவலைக் கட்டுரையை யார் வாசிப்பது? சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தும் தொழிலுக்கு வருவார்கள், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுற்றுலாக்காரர் வலை இழுப்பதைப் படம் பிடிப்பார்கள். பத்திரிகைக்கு அந்த நேரத்தில் எழுதுங்கள். மதிப்புரைக்குப் பிரதி அனுப்பினால் ‘கிடைக்கப்பெற்றோம்’ என்று ஒரு வரி வந்தால் பெரிய காரியம். ஒரு அத்தியாயத்தைச் சுருக்கி, நல்ல படம் இரண்டு வைத்துக் கட்டுரையாக அனுப்பினால் அரைப் பக்கமாவது தருவார்கள். அடியில் நூலின் பெயர் வரும். அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு கடைக்கு வருகிற ஆட்கள் உண்டு, நான் கண்டிருக்கிறேன்.

ஒக்டோபர் வாசிப்பு மாதம். பொது நூலகமும் பள்ளிக்கூடங்களும் ‘எழுத்தாளர் சந்திப்பு’ வைக்க ஆள் தேடுவார்கள். ஒக்டோபரில் போய் நின்றால் நிகழ்ச்சிநிரல் முடிந்திருக்கும், ஆவணியிலேயே நூலகரிடம் சொல்லிவையுங்கள். மேடைப்பேச்சு வராது என்கிறீர்கள். ஒரு துண்டு வலையையும் அளவுகோலையும் கொண்டுபோய், வலைக்கண் எப்படி அளப்பது, மீன் சேரும் மடியில் ஏன் கண் சிறிது என்று காட்டுங்கள். அது நீங்கள் வேலை நாளில் செய்த காரியம், பேச்சு தானாக வரும். உயர்தரப் புவியியல் பிள்ளைகளும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்து மாணவரும் மீன்பிடி பற்றிச் செயற்றிட்டம் செய்ய ‘ஏதாவது புத்தகம் இருக்கா’ என்று என்னிடமே கேட்பதுண்டு. கொடுக்க ஒன்றுமில்லை.

கொழும்பு விழா பற்றி மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மண்டபம், பதாகை, அழைப்பிதழ், வடை, தேநீர், உங்கள் பயணம், தங்குமிடம் என்று உங்கள் 20,000 அங்கேயே முடிந்துவிடும். வருகிறவர்களும் அங்கே எல்லா விழாவுக்கும் வருகிற அதே ஆட்கள். காசு மிச்சம் இருந்தால் என் ஆலோசனை வேறு. அம்பாப் பாடல்களை மட்டும் எடுத்து 24 பக்கத்தில் கம்பிப்பின் அடித்த சிறு கைநூலாகப் போடுங்கள். 150 ரூபா. கோணேசர் கோயிலுக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பஸ் பிடித்து வருகிறவர்கள் கோட்டைக்குள் மானைப் பார்த்துவிட்டு மேலே ஏறும்போது சங்கும் வளையலும் வாங்குவார்கள். ஊரின் ஞாபகமாக வாசிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. 900 ரூபா நூலை அங்கே எடுக்கமாட்டார்கள், 150 ரூபாவுக்கு யோசிக்கமாட்டார்கள். அதன் பின்னட்டையில் பெரிய நூலைப் பற்றிப் போடலாம்.

கடைக்குக் கொடுக்கும் விதமும் இருக்கிறது. 25 கொடுக்காதீர்கள், 5 கொடுங்கள். கார்பன் வைத்த பில் புத்தகத்தில் திகதி, எண்ணிக்கை, கழிவு (கடைக்காரரின் பங்கு) எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதம் முடிய ஒரு தரம் வந்து எண்ணுங்கள். கூச்சப்படுகிற எழுத்தாளரின் காசுதான் கடைசியாகக் கொடுபடும். கடைக்காரியே சொல்கிறேன்.

---

பதில்: ஸ்காபரோ திருக்கடலூரான்

சந்திக்கடை அக்கா சொன்ன ‘அப்பப்பாவின் பாடு’ வரியை வாசித்த உடனேயே இந்த நூல் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அப்பா வழியில் நாங்கள் கரைவலைக் குடும்பம். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டது.

ஐயா, வெளிநாட்டுக்கு ஒவ்வொரு பிரதியாகத் தபாலில் அனுப்ப நினைக்க வேண்டாம். நூலின் விலையை விடத் தபாற்செலவு கூட வரும், கேட்டவரும் பின்வாங்கிவிடுவார். ஆடி, ஆவணியில் இங்கே கனடாவிலிருந்து பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்கு வருகிற குடும்பங்கள் எத்தனையோ. திரும்பும்போது பெட்டியில் பத்துப் பிரதி வைக்க யாரும் மறுக்கமாட்டார்கள், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். இங்கே நம்பிக்கையான ஒரு ஆளிடம் 30 பிரதி இருந்தால் போதும், காசை ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அவருக்கு அனுப்பிவிட்டு வந்து எடுப்பார்கள். பழைய மாணவர் சங்கங்களின் கோடைகால ஒன்றுகூடலில் ஒரு மேசை கேட்கலாம். எங்கள் ஆட்கள் நூல் வாசிக்கிறார்களோ இல்லையோ, ஊர்ப்பெயர் போட்ட நூல் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள்.

என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சிரமம், கேட்டால் விளங்கும். ஐயா தன் குரலில் இரண்டு மூன்று பாடுகளை வாசித்து யூரியூப்பில் போட்டால் காரில் போகும்போது போடுவேன். அழகாக வாசிக்கத் தேவையில்லை. ஊர்க் குரல்தான் வேண்டும்.

---

பதில்: ஓய்வுபெற்ற பரிசோதகர்

எல்லோருக்கும் நன்றி. சந்திக்கடை தங்கச்சி எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பின்னட்டையில் என் படமும் பதவிகளும்தான் இருக்கின்றன, அவ சிரித்துவிட்டா. முதுகில் பெயர் இருக்கிறது, அந்தளவுக்குத் தப்பினேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, பாடு பாடாக நூலை பேஸ்புக்கில் இலவசமாகப் போட்டால் பிறகு யார் வாங்குவார்கள்? மற்றது, பக்க வடிவமைப்பு முழுவதும் பாமினி எழுத்துருவில் செய்தது. அச்சகம் தந்த கோப்பிலிருந்து எடுத்து பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் கிறுக்கலாக வருகிறது. திரும்பவும் முழுக்கத் தட்டச்சுச் செய்ய வேண்டுமா?

இன்னொன்று. குச்சவெளிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், அம்பா பாடுவதில் அவரைப் போல ஒருவரும் இல்லை. அவருக்குப் பிரதி அனுப்பியிருக்கிறேன், நேரில் இன்னும் போகவில்லை. இந்தக் கிழமை போகிறேன்.

---

பதில்: எழுத்துக்கோப்பவன்

பாமினிக் கேள்விக்கு நான் சொல்கிறேன், அச்சுக்கோப்பு வேலைதான் செய்கிறேன். திரும்பத் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை ஐயா. அச்சகத்திடம் பி.டி.எஃப். போதாது என்று சொல்லி, வடிவமைத்த மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்துச் செய்தது, கேட்க உரிமை உண்டு. அதிலிருந்து எழுத்தை எடுத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பாமினி–யூனிகோட் மாற்றியில் போட்டால் யூனிகோட்டுக்கு, அதாவது இணையம் எங்கும் படிக்கக்கூடிய பொது எழுத்து முறைக்கு, மாறிவிடும். மாற்றிய பிறகு மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள், ஸ்ரீ, க்ஷ போன்றவற்றை ஒரு தரம் கண்ணால் பாருங்கள், அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும். பழைய எழுத்துரு இருக்கும்வரை கூகுளில் உங்கள் நூலின் ஒரு வரியும் அகப்படாது. யூனிகோட் ஆனபின் ‘சல்லி கரைவலை’ என்று ஒருவர் தேடினால் உங்கள் பதிவு வரும். அமேசன் கிண்டிலும் தமிழ் மின்னூலை ஏற்கிறது, ஸ்காபரோ அண்ணர் மாதிரி ஆட்களுக்கு அது உதவும்.

அச்சுப் பிரதி எல்லாம் தீர்ந்தபின் நூலகம் நிறுவனத்துக்கு அனுமதி கொடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கிறார்கள். ஆய்வு செய்கிறவர்கள் முதலில் தேடுகிற இடம் அது.

---

பதில்: வெள்ளவத்தை வாசகன்

கொழும்பு விழா பற்றிச் சந்திக்கடை அக்கா சொன்ன கணக்கு சரிதான். ஆனாலும் நூலகங்களுக்கு நூல் போக வேண்டுமென்றால் விருதுப் பட்டியலில் பெயர் வருவது உதவும், அதைக் கைவிட வேண்டாம். கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் திருமலையிலேயே இருக்கிறது. மாகாண நூல் பரிசுக்கு எப்போது கோருகிறார்கள் என்று நேரில் கேளுங்கள். அரச சாகித்திய விருதுக்கு முந்திய ஆண்டில் வெளிவந்த நூலைத்தான் எடுப்பார்கள். நூலில் போட்டிருக்கிற ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பதில்: சந்திக்கடை

ஐயாவின் முதல் சந்தேகத்துக்கு. ஒரு பாடு பற்றி எழுதியது முழுவதையும் போடச் சொல்லவில்லை, ஒரு பந்திதான். 41 பந்தி என்றாலும் 212 பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம் வருமா? அதை வாசித்தவன் தன்னுடைய ஊர்ப் பந்தி வரும்வரை காத்திருக்கமாட்டான், என்னிடம் வந்து புரட்டிப் பார்ப்பான். புரட்டினால் வாங்குவான், பெயர் இருக்கிறதுதானே. பெயர் விடுபட்டவர்களும் வருவார்கள், சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதையும் அந்தக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் பதிப்புக்கு ஆகும்.

குச்சவெளிப் பெரியவரிடம் போகும்போது பேரனையோ பேத்தியையோ கூட்டிப்போங்கள், படம் எடுக்க ஒரு கை வேண்டும். காற்றுச் சத்தம் குரலை விழுங்கும், அதனால் வாடிக்கு உள்ளே இருந்து பாடச் சொல்லுங்கள்.

பட்டி போட்ட பிரதி 5 எனக்குக் கொண்டுவாருங்கள். கழிவு 25 வீதம், அதற்கு மேல் நான் எடுப்பதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், வினாத்தாள் அடுக்குக்கு முன்னால் வைக்கிறேன், அங்கேதான் பெற்றோர் நிற்பார்கள். காலையில் வாருங்கள் ஐயா. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் கடைக்குள் நிற்க இடமிராது, பில் எழுதவும் முடியாது.